இரண்டாவது அலசல்

— அப்படியே நில்லுங்க மாமா. காலைத் தூக்காதீங்க.

— என்னது?

— காலை! காலைத் தூக்காதீங்க! ஸ்பிரிட் கேன் உங்க காலடியிலதான் கவுந்து கிடக்கு!

— அட, இதுவா? ஷூ நனஞ்ச பிறகுதான்டா எனக்கே தெரியுது. கவுந்த சத்தம் கேட்டிருந்தா பிடிச்சிருக்க மாட்டேனா?

— கீழ்வீட்டுக்காரங்களுக்கே கேட்டிருக்கும்.

— மாஸ்க்கை இறக்கிட்டுப் பேசு மாப்ள. உன் வாயைப் பாத்தாத்தான நீ திட்டறியா கொஞ்சறியான்னு தெரியும்.

— திட்டறேன். நல்லாப் பாத்துக்குங்க. சுவிட்ச் எதையும் தொடாதீங்க. ஓடற ஃபேன் ஓடட்டும். மேடம், நீங்க எழுந்து ஜன்னல் பக்கம் போயிடுங்க, நெடி தலைக்கு ஏறும். இந்தாங்க, மாஸ்க்.

— போட்டுக்கிட்டேங்க. ஜன்னலைத் திறந்துடட்டுமா?

— திறங்க. ஆனா அந்த மஞ்சள் திரை மட்டும் மேசைப் பக்கம் இருக்கட்டும். கழுவாத அச்சு மேல வெயில் படக் கூடாது.

— அந்தம்மாவுக்கு மட்டும் மாஸ்க்கா? எனக்கு?

— கொட்டினவரு நீங்க. மோந்து அனுபவிங்க.

— எல்லாம் உங்க அக்காவைக் கட்டின பாவம்டா.

— மேடம், மன்னிச்சுக்குங்க. இவரு எங்க அக்கா வீட்டுக்காரர். மத்தபடி தங்கமான மனுஷன்.

— அவருக்குச் சுத்தமாவே கேக்காதா?

— ஒரு காது போயாச்சு. மிச்சம் இருக்கற காதுக்கு மிஷின் இருக்கு. ஆனா மிஷின்ல இருந்து சத்தம் காதுக்குள்ள போக, காது அளவுக்கே ஒரு அச்சு வேணும்ல? அதான் இல்ல. அச்சு இல்லாத மிஷின் வாய்க்கால் இல்லாத கிணறு மாதிரி.

— என் பொழப்பைத்தான பேசறீங்க? பேசுங்க, பேசுங்க. காது கேக்காதவன் முன்னாடி பேசறதுல ஒரு சுகம் இருக்கு.

— நாளைக்கு உங்களுக்கு இருக்கற சோதனையைப் பத்திச் சொல்லப் போறேன்!

— நீ எங்க சொல்றது, நானே சொல்றேன். அம்மா, நான் பஸ் டிரைவரு. பேரு ஒண்ணும் கெடுத்துக்காம ஓட்டினவன். காது மந்தமாச்சுன்னு டிப்போ கேட்டுல உக்கார வச்சுட்டாங்க. வர்ற வண்டிக்கும் போற வண்டிக்கும் கம்பியைத் தூக்கி இறக்கற வேலை. ஸ்டீயரிங் பிடிச்ச கை கயித்தைப் பிடிச்சு இழுக்குது. நேத்து வரைக்கும் எனக்கு வணக்கம் வச்ச பசங்க இப்ப ஹார்ன் அடிக்கறானுங்க, எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சே.

— நாளைக்கு என்ன?

— என்ன கேக்கறாங்க மாப்ள? மாஸ்க்குக்குள்ள என்ன தெரியும் எனக்கு?

— நாளைக்கு என்னன்னு கேக்கறாங்க!

— நாளைக்கா? நாளைக் காலையில காதுப் பரிசோதனை. மிஷின் மாட்டிக்கிட்டே கேக்கலாம், தப்பில்ல. கேட்டா வண்டி. கேக்கலைன்னா சாகற வரைக்கும் கயிறு. புதுசா ஒரு டாக்டர் வந்திருக்காம். ஆளை நான் பாத்ததில்ல. டிப்போவுல வச்ச பேரு கத்திரிக்கோல். முழுசா உள்ள போறவன் பாதியா வெளிய வர்றான்.

— அவ்வளவு மோசமான டாக்டரா?

— அவ்வளவு மோசமான்னு கேக்கறாங்க மாமா!

— மோசமா? காகிதத்தால வாயை மறைச்சுக்கிட்டுப் பேசுமாம்! ஒருத்தன்கூட உதட்டைப் பாத்துத் தப்பிச்சுடக் கூடாதாம். வெளியில வண்டி உறுமினாலும் கதவைச் சாத்தாதாம். கல்நெஞ்சு.

— பின்னாடி சீட்டுல இருக்கறவங்க உதட்டைக் காட்டிக்கிட்டா நிறுத்தச் சொல்லுவாங்க?

— என்னவாம்?

— ஒண்ணுமில்ல மாமா. அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு.

— போச்சு. நீயும் அந்தப் பக்கம் சாஞ்சுட்டியா?

— ஏங்க, இதுக்கு முன்னாடி அச்சு ஏதும் செஞ்சீங்களா? அவரு காது ஓட்டைக்கிட்ட தோல் உரிஞ்சிருக்கே.

— அதை ஏன் கேக்கறீங்க மேடம். பிரிண்டர்ல இருந்து அச்சு வெளிய வந்தா மேல ரெசின், அதான் வெளிச்சம் பட்டா இறுகற பிசின், பிசுபிசுன்னு ஒட்டியிருக்கும். ஸ்பிரிட்ல முதல் அலசல், அப்புறம் புது ஸ்பிரிட்ல ரெண்டாவது அலசல். அதுக்கப்புறம்தான் வெளிச்சப் பெட்டியில வச்சு இறுக வைக்கணும். நான் முதல் அலசல் முடிச்சு வச்சுட்டு, ஒரு சாவு வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்து பாத்தா அச்சைக் காணோம்.

— சொல்லுடா, சொல்லு. எதைச் சொல்றன்னு உன் மூஞ்சியே சொல்லுது. ஈரமா இருந்துச்சு, எடுத்துட்டுப் போய் வெயில்ல காய வச்சேன். உலகத்துல ஈரமா இருக்கற எதையும் அப்படித்தானே செய்வாங்க?

— எப்படிக் காய வச்சீங்கன்னும் சொல்லுங்க.

— கொடியில.

— துணிக் கொடியில மேடம். எங்க அக்காவோட புடவைக்கும் இவரு பனியனுக்கும் நடுவுல. கிளிப்பு போட்டு.

— ஐயோ.

— சிரிக்கறாங்களா? தோள் குலுங்குது, சிரிக்கறாங்க. சிரிக்கட்டும்.

— ரெசினுக்கு வெயில்தான் சிமெண்ட். சத்தம் போற துளைக்குள்ள தேங்கின ரெசின் வாய்ப்பக்கம் இறுகி அடைச்சுக்கிச்சு, உள்ளே இன்னும் பிசுபிசு. மனுஷன் அதைக் காதுல திணிச்சுக்கிட்டு ரெண்டு நாள் யாருகிட்டயும் சொல்லாம இருந்தாரு. காது உப்பி பலூன் ஆச்சு.

— கேக்கும் கேக்கும்னு பாத்தேன்டா. அரிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு நெனச்சேன்.

— ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க.

— சரி, இப்பப் பேச்சை விடு. அச்சு ரெடியா?

— ரெண்டு அச்சு ரெடி. ஒண்ணு மேடத்தோடது, அவங்களுக்கும் ஒரு காது மந்தம், ஒண்ணு உங்களுது. ரெண்டும் கழுவணும். ஆனா கேன்ல பாருங்க.

— எவ்வளவு இருக்கு?

— ஒரு டம்ளர் தேறும். கடைக்காரன் நாளைக்கு மதியம்தான் தருவான்.

— மதியமா? என் கதை காலையிலயே முடிஞ்சிடும்டா!

— அவருது முதல்ல கழுவுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.

— அவங்க என்ன சொல்றாங்க?

— உங்களுது முதல்லயாம்! அவங்க காத்திருக்காங்களாம்!

— அதெல்லாம் வேணாம். அவங்க எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருந்தாங்க. நான் பாத்தேன். கேட்டுல உக்காந்தாலும் நான் டிரைவர்தான். வரிசையில பின்னாடி நின்னவனை முன்வாசல்ல ஏத்தினதே இல்ல என் வண்டியில. மந்திரி மச்சான்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் வந்தான், அவனையும் பின்னாடிதான் போகச் சொன்னேன்.

— மாமா, ஒரே ஒரு டம்ளர்தான். யோசிச்சுப் பேசுங்க.

— யோசிச்சுத்தான் பேசறேன். கொட்டினவன் நான். அவங்களுது கழுவு.

— ரெண்டையும் ஒண்ணாப் போட்டா?

— ஒண்ணாப் போட்டா மேடம், முதல் முக்குலயே ஸ்பிரிட் கலங்கிடும். கலங்கின ஸ்பிரிட்ல கழுவறது சேத்துத் தண்ணியில வேட்டி அலசற மாதிரி. சுத்தமான மாதிரி தெரியும், காய்ஞ்சதும் பூத்துப் போயிடும்… ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் இருங்க. அந்தத் திட்டு மேல ஒரு ஜாடி இருக்கா பாருங்க மேடம், ஜன்னலுக்கு வெளியே?

— இருக்கு. அடியில ஏதோ தயிர் மாதிரி உறைஞ்சிருக்கு. மேல தெளிவா நிக்குது.

— அதேதான். அழுக்கான ஸ்பிரிட்டை மூடி போட்டு வெயில்ல வச்சா, ரெசின் இறுகி அடியில உக்காந்துடும். மேல தெளிஞ்சு நிக்கறது முதல் அலசலுக்குப் போதும். குலுக்காம எடுத்துக் குடுங்க. குழந்தையைத் தூக்கற மாதிரி.

— இந்தாங்க.

— என்னடா நடக்குது?

— வடிகட்டறேன். ரெண்டு அச்சையும் இதுல முதல்ல குளிப்பாட்டறேன். புது ஸ்பிரிட் ஒரு டம்ளர் இருக்குல்ல, அதுல குளிப்பாட்டப் போறதில்ல. வாய் மட்டும் கொப்பளிக்க வைக்கப் போறேன்.

— யாருக்கு வாய்?

— துளைக்கு! நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கை ரெண்டையும் தொடைக்கு அடியில வச்சுக்குங்க.

— உக்காந்துட்டேன். பள்ளிக்கூடத்துல கூட இப்படி உக்காந்ததில்ல.

— மேடம், பக்கத்துல வராதீங்க, தெறிக்கும். கையில கிளவுஸ் இல்ல உங்களுக்கு.

— பிரஷ் ரொம்ப மெதுவாப் போடறீங்களே?

— இப்ப இது பச்சைப் புள்ளை. அழுத்தினா கீறல் விழும். அதுக்காக ஊறவும் விடக் கூடாது, ஊறினா வெளுத்து உப்பிடும். மடிப்புல, வளைவுல, அச்சைத் தாங்கி நின்ன முட்டுக்குச்சியை ஒடைச்ச எடத்துல. அவ்வளவுதான். இப்ப வெளிச்சத்துக்குக் காட்டறேன், பாருங்க. பளபளன்னு இருக்கா?

— அழகாத்தான் இருக்கு.

— அழகா இருந்தா அழுக்குன்னு அர்த்தம். பளபளப்பு போய் மங்கலாகணும். உங்களுது ஆயிடுச்சு. மாமாவுது இன்னும் அந்த வளைவுல மினுக்குது.

— என் அச்சு மட்டும்தான் மினுக்குதா? எடுத்துக்காட்டா வாழ்ந்தவன்டா நான்.

— இப்பக் கொப்பளிக்கப் போறேன். சிரிஞ்ச்ல ஏத்தியாச்சு. முதல்ல மேடத்தோடது… பாருங்க, அந்தப் பக்கம் ஊசி மாதிரி வருது.

— ஆமா, நேரா வருது.

— இது மாமாவுது.

— ஏன்டா நிறுத்திட்ட? ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?

— சொட்டுத்தான் வருது. துளை வளையற எடத்துல ரெசின் நிக்குது.

— அடைப்பா? மறுபடியுமா?

— இருங்க மாமா. அடைப்பு இறுகல. வெயில் படலைல்ல, கூழாத்தான் நிக்கும். அந்தப் பக்கத்துல இருந்து தள்ளிப் பாக்கறேன்.

— உடைச்சிடாதடா.

— மூச்சு விடாதீங்க.

— நான் எங்க விடறேன்? ஸ்டூல் கூட விடல.

— கொஞ்சம் இழு… கொஞ்சம் தள்ளு… அசையுது. மேடம், அந்த நைலான் நரம்பை எடுத்துக் குடுங்க. தடிச்சது இல்ல, மீன் பிடிக்கற மெல்லிசு.

— இதுவா?

— அதான். உள்ள விட்டு… சுத்தி… வா வா வா… வெளிய வந்துட்டான்!

— வந்துட்டானா?

— கடுகு அளவு இருக்கான் மாமா. உங்க வண்டியை மறிக்கப் பாத்தவன் இவன்தான். இப்ப மிச்ச ஸ்பிரிட்டு… பாருங்க, பாருங்க! அம்பு மாதிரி!

— என் மூஞ்சிலயா அடிக்கற?

— கண்ணுல படலையே?

— கண்ணாடிலதான். அடி, இன்னொரு தடவை அடி!

— ஸ்பிரிட் தீர்ந்துடுச்சு. இனி உலரணும். காத்துப் பந்தை அமுக்கி உள்ளே இருக்கற ஈரத்தைத் தள்ளறேன். ஸ்பிரிட் ஈரத்தோட வெளிச்சத்துல வச்சா வெள்ளை பூத்துடும்.

— கொஞ்ச நேரம் மொட்டை மாடியில…

— மாமா!

— இல்லடா, சும்மா வாய் பழக்கம்.

— நெடி போயிடுச்சுன்னு நினைக்கறேன்.

— போயிடுச்சு மேடம். இருந்தாலும் நீங்க மாஸ்க்கோடயே இருங்க. இப்பப் பெட்டிக்குள்ள வச்சாச்சு. ரெண்டும் ஒண்ணாச் சுத்துது பாருங்க.

— ராட்டினம் மாதிரி இருக்குடா. மணி அடிக்குமா?

— அடிச்சுடுச்சு மாமா. உங்களுக்குத்தான் கேக்கல.

— சரி, இன்னும் கொஞ்ச நேரத்துக்கு ஆடிக்கோ. எடு வெளியே.

— விரலால தொட்டுப் பாருங்க. ஒட்டுதா?

— ஒட்டல. பழைய கூழாங்கல்லு மாதிரி இருக்கு.

— குனிங்க. மிஷின் குழாயை இதுல சொருகிட்டேன். காதைப் பின்னாடி இழுங்க. வாயைத் திறந்து மூடுங்க. வலிக்குதா?

— இல்ல.

— அரிக்குதா?

— இல்லங்கறேன்ல. ஆன் பண்ணு.

— பண்ணிட்டேன்.

— டேய்.

— என்ன மாமா?

— இந்த ஃபேன் எப்பவும் இப்படித்தான் முனகுமா?

— ரொம்ப நாளா முனகுது.

— எண்ணெய் போட மாட்டியா? பெத்தவளைப் பிரிஞ்ச பூனை மாதிரி கத்துது. அது யாரு, கீழ பக்கெட்டைத் தரையில இழுக்கறது? தூக்கிட்டுப் போனா என்ன?

— மாமா…

— இரு, உங்க அக்காவுக்குப் போனைப் போடு. குடு இங்க. … ஹலோ. நான்தான். ஏய், ஏன் இப்படிக் கத்தற? காது கிழியுது. … எனக்குத்தான்டி, எனக்குத்தான் காது கிழியுது! … வச்சுட்டா. அழறா. அழறதும் கேக்குது.

— இனிமே அக்கா சொல்றது எதுவும் கேக்கலைன்னு சொல்ல முடியாது.

— அதை யோசிக்கலையேடா.

— ரொம்ப வருஷம் வண்டி ஓட்டினீங்களா?

— தலை நரைச்சதே ஸ்டீயரிங்குக்குப் பின்னாடிதாங்க.

— விபத்து ஏதாவது?

— ஒரு தடவை ஒரு சைக்கிள்காரரு மோதினாரு. நின்ன வண்டி மேலங்க. இறங்கிப் போய் நான்தான் அவரைத் தூக்கி விட்டேன், அவரு என்னையே திட்டினாரு.

— ஆம்புலன்ஸ் பின்னாடி வந்தா, எந்தப் பக்கம் வருதுன்னு தெரியுமா?

— ஒரு காதை வச்சுக்கிட்டுப் பக்கம் சொல்றது கஷ்டம்தாங்க, பொய் சொல்ல மாட்டேன். அதுக்குத்தான் சத்தம் கேட்ட உடனே ரெண்டு கண்ணாடியும் பாத்துடுவேன். பக்கம் சொல்ல வேண்டியது கண்ணு. முழிச்சுக்கச் சொல்ல வேண்டியதுதான் காது.

— அப்ப காது சரியில்லைன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?

— நானேதாங்க போய்ச் சொன்னேன். ஒரு நாள் கண்டக்டர் விசில் அடிச்சது எனக்குக் கேக்கல. ஒரு பொண்ணு ஒரு கால் படியில, ஒரு கால் தரையில. அவ கத்தினதும் கேக்கல. கண்ணாடியில பாத்துத்தான் நிறுத்தினேன். ஒண்ணும் ஆகல அவளுக்கு. ஆனா அன்னிக்குச் சாயங்காலமே வண்டிச் சாவியைக் கொண்டு போய்க் குடுத்துட்டேன்.

— யாரும் சொல்லாமயா குடுத்தீங்க?

— யாரு சொல்லணும்?

— மாமா.

— இருடா, பேசிக்கிட்டிருக்கோம்ல.

— மாமா, அவங்க மாஸ்க் போட்டிருக்காங்க.

— அதுக்கென்ன இப்ப?

— முதுகைக் காட்டிக்கிட்டு ஜன்னலுக்கு வெளியே பாத்துப் பேசிட்டிருக்காங்க. ஃபேன் வேற கத்துது. நீங்க யாரு உதட்டைப் பாத்துப் பதில் சொன்னீங்க?

— ஆமாடா. நான் உன் மேசையத்தான பாத்துட்டிருந்தேன்.

— அழாதீங்க. காதுல ஈரம் போயிடப் போகுது.

— கண்ணுல வர்றது காதுக்குப் போகாதுடா, மடையா… ஏய். உஸ். பேசாதீங்க ரெண்டு பேரும்.

— என்ன?

— கீழ ஸ்டாப்புல ஒரு வண்டி நிக்குதா?

— நிக்குது. ஆள் ஏறிட்டிருக்காங்க.

— உஸ்ஸுன்னு வருது, கேக்குதா?

— பஸ்ஸுன்னா உஸ்ஸுன்னுதான மாமா வரும்?

— பிரேக்கை விட்டா ஒரு தடவை வந்து நின்னுடும். இது நிக்கல. இழையுது. எங்கயோ பிரேக்குக் காத்து கசியுது, அது தீந்தா பிரேக் பிடிக்காது.

— எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க.

— உங்களுக்குக் கேக்காதும்மா, இதைக் கேட்டுக் கேட்டே வளந்த காது இது. கொஞ்சம் தள்ளிக்குங்க. ஏய்! தம்பி! வண்டியை எடுக்காத! மேல பாரு, மேல! காத்து கசியுது! பின் சக்கரம்! அடுத்த முனை இறக்கம்டா, எடுக்காத!

— மாமா, பாதி உடம்பு வெளிய இருக்கு!

— சட்டையைப் பிடிச்சுக்கோ. இறங்கிட்டான்… பின்னாடி போறான்… குனியறான்.

— கையை உள்ள விடறாரே.

— விட்டுப் பாக்கட்டும். நல்லாப் பாரு தம்பி, ரெண்டு பக்கமும், பைப்பு சேர்ற வாயில!

— எழுந்துட்டாரு. தலையில கை வச்சுக்கிட்டாரு.

— அவ்வளவுதான். கண்டுபிடிச்சுட்டான். எல்லாரையும் இறக்கறான் பாரு. ஸ்கூல் பசங்க வேற அத்தனை பேரு.

— மேல பாத்துக் கும்பிடறாரு மாமா. ஏதோ கேக்கறாரு.

— மூணு மாடிக்குக் கீழ இருந்து கத்தறான், எனக்குக் கேக்குதுடா! யாருன்னு கேக்கறான். கேட்டுக்காரன்தான்டா! உன் கேட்டுக்காரன்தான்! இனிமே என்னைப் பாத்து ஹார்ன் அடிப்பியா?

— கை தட்டறாங்க மாமா. கீழ நிக்கறவங்க எல்லாரும்.

— கேக்குது. மழை மாதிரி கேக்குது. டேய் மாப்ள, உன் கையைக் குடு. கிளவுஸோடயே குடு.

— விடுங்க மாமா, இதுக்கெல்லாம் போய்.

— அம்மா, உங்க அச்சையும் மாட்டிப் பாருங்க.

— மாட்டிக்கிட்டேன். நீங்க கத்தினப்பவே மாட்டிக்கிட்டேன். நல்லாப் பொருந்துது.

— ஸ்கூல்ல டீச்சரா இருக்கீங்களா? அத்தனை கேள்வி கேட்டீங்களே.

— கேள்வி கேக்கறதுதான் வேலை. ஸ்கூல்ல இல்ல.

— கேட்டதும் நல்லதுதான், நாளைக்கு ஒரு பழக்கமாச்சு. ஆனாலும் அம்மா, காது என்னதான் கேட்டாலும், காலையில அந்த ரூம்ல, அந்த டாக்டர் எதிர்ல உக்காந்தா நாக்கு ஒட்டிக்குமோன்னு பயமா இருக்கு.

— காலையில நீங்க என் ரூமுக்கு வர வேண்டாம். நான் கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு. நேரா போய் உங்க வண்டியை எடுங்க.